செவ்வாய்க்கிழமை வரை ஒரு வௌவால்

பம்பாய்க்கு உயிரோடு ஒரு வௌவாலைக் கொண்டுபோனவன் நான். எனக்கு முன்னால் யாராவது கொண்டுபோயிருக்கலாம். வெளியில் சொல்லியிருக்க மாட்டார்கள். நானும் வழி நெடுக யாரிடமும் சொல்லவில்லை. கோழிக் கூடையைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டி, கேட்டவர்களிடமெல்லாம் "மருந்து" என்று சொல்லிவைத்தேன். அது பொய்யும் இல்லை.

மருந்து யாருக்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அக்கா சொர்ணம் தாராவியில் இருக்கிறாள். அவள் புருஷன், எங்கள் இசக்கி அத்தான், செம்பூரில் ஒரு பறவை வியாபாரியின் சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்த்தார். அவருக்கு இளைப்பு. காலையில் எழுந்து சாதாரணமாக வேலைக்குப் போவார். சாயந்தரம் குளிரெடுக்கும், காய்ச்சல் அடிக்கும், நெஞ்சு பூட்டிக்கொண்டு மூச்சு உள்ளே போகாது. இரண்டு தடவை ஊருக்கு வந்து பழந்தின்னி வௌவால் கறி சாப்பிட்டு, ஆள் தெளிந்து திரும்பிப் போனார். போன சில நாட்களில் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். இந்தத் தடவை சரக்கு அனுப்பும் காலம் என்பதால் லீவு கிடைக்கவில்லை. ஊருக்கு வந்த ஒருவரிடம் அக்கா சொல்லி அனுப்பியிருந்தாள்: "உயிரோட ஒண்ணைக் கொண்டாரச் சொல்லுங்க. இல்லேன்னா இவிய இந்த மழையத் தாண்ட மாட்டாவ."

உயிரோடுதான் வேண்டும். எங்கள் பக்கத்து வழக்கப்படி அதைச் செவ்வாய்க்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் அறுத்து, மிளகும் சீரகமும் போட்டு, அன்றைக்கே குடிக்க வேண்டும். மற்ற நாளில் அறுத்தால் அது வெறும் கறி. உப்புக்கண்டம் போட்டாலும் பலிக்காது.

ஒரு காலத்தில் ஆற்றங்கரை மருத மரங்களில் வௌவால்கள் கறுப்புத் துணி காயப்போட்டது மாதிரி தொங்கும். இருட்டும் நேரத்தில் அவை கிளம்பினால் தலைக்கு மேல் நெடுநேரம் போய்க்கொண்டே இருக்கும். இப்போது மிஞ்சியது அய்யனார் கோயில் ஆலமரத்துக் கூட்டம் மட்டும். அது சாமியுடையது, அதற்காக எங்கள் ஊரில் தீபாவளிக்கு வெடிகூடப் போடமாட்டோம். வலைக்காரர் மூக்கன் மலைக்கு அந்தப் பக்கம் போய் அலைந்து திரிந்து ஒரே ஒரு வௌவாலோடு வந்தார். "அடுத்த வருசம் என்னையத் தேடி வராதீரும். அங்கயும் இல்ல" என்றார்.

நான் கூட்டுறவுப் பண்டகசாலையில் எடை போடுகிறவன். அதற்கு முன் நான் போன தூரம் மதுரை. பயம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. மாடு திரும்பிப் பார்த்தால் வழி விட்டு நிற்பேன். அப்படிப்பட்டவன் கையில்தான் அந்தக் கூடையைக் கொடுத்தார்கள்.

கல்யாணில் வண்டி நின்றபோது ஜன்னலுக்கு வெளியே தமிழ்க் குரல்கள் கேட்டன. மூட்டை முடிச்சோடு ஒரு கூட்டம் இறங்கியது. பம்பாய் வந்துவிட்டது என்று நானும் இறங்கினேன். வண்டி போன பிறகு, டிபன் டப்பாவோடு நின்ற ஒரு குமாஸ்தா, "இது கல்யாண் சார். பம்பாய் இன்னும் தூரம். லோக்கல்ல போங்கோ. சயான்ல இறங்கினா தாராவி கிட்டக்க" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. என்னைப் போல நிறையப் பேரைப் பார்த்திருப்பார் போலிருந்தது.

லோக்கல் வண்டி நிற்கும் முன்பே ஜனங்கள் ஏறினார்கள். என்னை யாரோ ஏற்றினார்கள். நானாக ஏறியதாக நினைவில்லை. கூடை நசுங்கிவிடுமே என்று தலையில் வைத்துக்கொண்டேன். உள்ளே இருந்தது பிரம்பு இடைவெளியில் ஒரு நகத்தை நீட்டி, பக்கத்தில் நின்ற பெரியவரின் வெள்ளைத் தொப்பியைக் கொக்கி போட்டுத் தூக்கிவிட்டது. அவர் தொப்பியைப் பிடுங்கிக்கொண்டு மராட்டியில் கேட்டார். பக்கத்தில் நின்ற தமிழர் எனக்கு மொழிபெயர்த்தார்: "கூடையில் என்ன என்கிறார்."

"கோழி" என்றேன்.

"கோழிக்கு ஏன் இவ்வளவு நீள நகம் என்கிறார்."

போலீஸ், ஜெயில், ஊரில் எங்கள் பேர் கெடுவது எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்தன. நல்லவேளையாகப் பெரியவருக்கு ஸ்டேஷன் வந்துவிட்டது. எனக்கான சயானும் வந்தது, போனது. வாசலுக்கும் எனக்கும் நடுவில் நின்றவர்கள் யாரும் அசையவில்லை. அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்காவில் என்னைக் கூடையோடு வெளியே தள்ளினார்கள்.

மாட்டுங்காவில் இறங்கியதும் மனசு கொஞ்சம் சமாதானமாயிற்று. தெருவில் பூக்கட்டு, வாழையிலை, வெற்றிலை, காப்பிக்கொட்டை வறுக்கும் வாசனை. பசி தாங்காமல் ஓர் ஓட்டலில் நுழைந்து கூடையை மேஜைக்கு அடியில் தள்ளினேன். இட்லி நம் ஊர் இட்லியைவிட வெள்ளை. சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். பாயசத்தில் இட்லியை நனைத்துச் சாப்பிடுவது போல் இருந்தாலும், பசிக்கு மூன்று கரண்டி வாங்கிக்கொண்டேன்.

காப்பி வரும் சமயத்தில் வௌவால் கத்தியது. கத்தல் என்றால் சாதாரணக் கத்தல் இல்லை. இரும்புத் தகட்டை ஆணியால் கீறுவது போல. பரிமாறுகிறவர் பாலக்காட்டுக்காரர். குனிந்து சாக்கை விலக்கிப் பார்த்தார்.

"வவ்வாலோன்னோ இது? எங்கேர்ந்து வரேள்?"

"திருநெல்வேலிப் பக்கம். மருந்துக்கு."

"பேஷ். இங்க பின்னாடி தோட்டத்து மரத்துல கொத்துக் கொத்தாத் தொங்கறது. மாடில துணி உலர்த்த முடியல. நீங்க ஊர்லேர்ந்து சுமந்துண்டு வந்திருக்கேள்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "முதலாளி பாத்தா ஓட்டலையே அலம்பச் சொல்லுவார். காப்பியச் சட்டுனு குடிச்சுட்டுக் கிளம்புங்கோ."

காப்பி நாக்கைச் சுட்டது. தாராவி வரை நடந்தே போனேன்.

தாராவியைப் பற்றி அக்கா எங்களிடம் அதிகம் சொன்னதில்லை. போன பிறகுதான் காரணம் தெரிந்தது. தோல் பதனிடும் இடங்களின் நாற்றம் முதலில் வந்து, சதுப்பு நிலத்து உப்புக் காற்று பின்னால் வந்தது. சந்துகள் என் தோளகலம். ஆனால் சந்துக்குச் சந்து எங்கள் ஊர்ப் பேச்சு. "ஏல, எந்த ஊரு?" என்று ஒரு கிழவர் கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவின் கோலி, அங்கே அறையை அப்படித்தான் சொல்கிறார்கள், தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் முதலில் கூடையைத்தான் பார்த்தாள்.

"உசுரோட இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்பம் அவியளும் இருப்பாவ" என்று சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்று வெள்ளிக்கிழமை. நடுவில் மூன்று நாள் ஓட்ட வேண்டும்.

பக்கத்துக் கோலியின் பேச்சியம்மாள் எட்டிப் பார்த்து முகம் வெளுத்தாள். "வீட்டுக்குள்ள வௌவாலு வரப்புடாதுன்னு தெரியாதா சொர்ணம்? நோயாளி இருக்க வீடு." அதற்கு மேல் சொல்லவில்லை; சொல்லாத மிச்சம்தான் எங்களை வாட்டியது. கூடையை வாசலில் வைத்தால் நாய். உள்ளே வைத்தால் பேச்சியம்மாள்.

அத்தான் மத்தியானமே வந்துவிட்டார். கூண்டு கழுவும் வேலை விடியற்காலையில் தொடங்குகிறது. நான் பயந்து வந்ததற்கு நன்றாகவே இருந்தார். "என்ன மாப்ள, சாமான் கொண்டாந்துட்டியளா?" என்று சிரித்தார், குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார். அக்கா வீணாக ஊரைக் கூட்டிவிட்டாளோ என்று நினைத்தேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவருக்குப் பல் கிட்டியது. இரண்டு போர்வை போட்டும் குளிர் நிற்கவில்லை. பிறகு இருமல் வந்தது. பிறகு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, வாயைத் திறந்து, காற்றைக் கடித்துக் கடித்து இழுத்தார். நெஞ்சுக்குள் ஊதல் சத்தம் கேட்டது. அக்கா முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அடுத்தது வருமா என்று எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் போலப் பயம் வேறு இல்லை. எனக்குத் தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டேன்.

மறுநாள் காலையில் அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார். "மொதலாளி பாய்ட்ட சொல்லி வௌவால அங்கன ஒரு கூண்டுல வச்சிருவோம். பேச்சிக்கா தூங்கட்டும்" என்றார். கூடையோடு அவர் பின்னால் போனேன். செம்பூர் பஸ்ஸில் கண்டக்டர் கூடைக்கும் டிக்கெட் கேட்டார். அத்தான் இந்தியில் ஏதோ சொல்லவும் சிரித்துவிட்டுப் போனார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "என் மாமியாருன்னேன்" என்றார்.

கிட்டங்கி ஒரு பழைய பங்களாவின் பின்கட்டில் இருந்தது. முதலாளி காசிம் பாய் கடையநல்லூர்க்காரர். ஒடிசலான மனிதர், நரைத்த தாடி, இடுப்பில் கட்டம் போட்ட சாரம். வௌவாலைப் பார்த்ததும், "எங்களுக்கு இது ஆகாது தம்பி. ஆனா இசக்கி உசுருக்குன்னா என் தலைமாட்டுலயே வச்சுக்கிடுதேன்" என்று பெரிய கிளிக்கூண்டு ஒன்றைக் காலி செய்து கொடுத்தார். அது தலைகீழாகத் தொங்கி, இறக்கையைப் போர்த்திக்கொண்டு, பப்பாளித் துண்டை மென்று சாற்றை விழுங்கிச் சக்கையைத் துப்பியது. நரிமுகம். கண் மட்டும் பெண்பிள்ளையின் கண் மாதிரி பெரியது.

எதிர்ச் சுவர் முழுக்கப் பச்சை முனியாக்கள். கட்டைவிரல் அளவுக் குருவி. முதுகு பாசிப் பச்சை, வயிறு மஞ்சள், விலாவில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு, குங்கும நிறத்தில் அலகு. தட்டையான கூண்டுகளில் நெருக்கியடித்து அடைத்திருந்தார்கள். வெளிநாட்டில் இதற்கு ஏக கிராக்கியாம், விமானத்தில் போகிறதாம். ஓர் ஆண் குருவி தொண்டை அதிர மெல்லப் பாடியது. அத்தான் வேலையை விட்டுவிட்டுக் காது கொடுத்தார். "கடைசியில ஒரு இழுப்பு இழுக்கும் பாருங்க மாப்ள, அதுக்குத்தான் இம்புட்டுப் பாடும்" என்றார். அந்த இழுப்பும் வந்தது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஏனோ நேற்றுச் சாயந்தரத்து ஊதல் சத்தம் ஞாபகம் வந்துவிட்டது.

காசிம் பாய் தேநீர் வரவழைத்தார். "முன்ன ராஜஸ்தான் பக்கத்து மலையடியில ஒரு வலை போட்டா ஒரு கூண்டு ரொம்பும். இப்பம் புடிக்கிறவன் மாசக்கணக்கா அலையுதேங்கான். வர்றதுல பாதி வழியிலயே செத்துருது. இன்னும் கொஞ்ச வருசத்துக்கு இந்த தந்தா, இந்த யாவாரம், ஓடும்" என்றார்.

எனக்கு மூக்கன் சொன்னது ஞாபகம் வந்தது. குருவிக்கும் வௌவாலுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு மாறி மாறிப் பார்த்தேன். இது பாடுகிறது, அழகாயிருக்கிறது; அதனால் பிடிக்கிறார்கள். அது கத்துகிறது, நாறுகிறது, வீட்டுக்குள் வந்தால் சாவு வரும் என்று பேச்சியம்மாள் பயப்படுகிறாள், அதையும் பிடிக்கிறார்கள். குருவி ஒரு தடவைக்கு நாலைந்து முட்டையிடும். வௌவால் வருஷத்துக்கு ஒன்றே ஒன்று பெற்று, பறக்கும்போதுகூட வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டு திரியும். ஒன்றைக் கொன்றால் இரண்டு போகும். குருவி கூண்டில் செத்தால் சத்தமே இல்லை. அடியில் ஒரு பச்சைப் பொட்டாகக் கிடக்கும், அத்தான் பொறுக்கி வாளியில் போடுவார். வௌவாலாவது கத்தும். சாப்பாட்டைப் பார்த்தால் குருவிக்குத் தினை போதும். வௌவாலோ எங்கள் ஊரில் இலுப்பைக் கொட்டைகளை ஊர் பூராவும் போட்டுவிட்டுப் போகும், நாங்கள் பொறுக்கி எண்ணெய் ஆட்டுவோம். உபயோகம் உள்ளதா, அழகுள்ளதா, எதைக் காப்பாற்றலாம் என்று யாராவது என்னைக் கேட்டால் திண்டாடிப் போயிருப்பேன். அத்தானைக் காப்பாற்றினால் போதும் என்றிருந்தது எனக்கு.

அத்தான் தகடுகளை உருவி உதறினார். குருவிகள் படபடவென்று அடித்துக்கொண்டன. தகரக் கூரையின் ஓட்டை வழியாக வந்த வெயிலில் வெள்ளைப் பொடி புகையாக எழும்பியது. இறகுத் தூள், காய்ந்த எச்சம், தினை உமி. எனக்கு அடுக்குத் தும்மல் வந்து, தொண்டை கமறி, வெளியே ஓடினேன். "பழகிரும்" என்றார் அத்தான் உள்ளிருந்து. அவர் தலைமுடியும் புருவமும் மாவு மில்காரனுடையது போல் வெளுத்திருந்தன.

அன்று மத்தியானம் குருவிகள் அவ்வளவும் விமானத்துக்குப் போயின. கூண்டுகளைக் கழுவி அடுக்கி, செவ்வாய் வரை சுட்டி, அதாவது லீவு, என்று பாய் சொன்னார்.

அன்று சாயந்தரம் முந்தின நாளைவிட மோசம். அத்தானின் உதடு நீலமாகியது. பேச்சியம்மாளே வந்து வெந்நீர் போட்டுக் கொடுத்தாள். நடுவில் ஒரு தடவை மூச்சு வெளியே போய்விட்டுத் திரும்பி வரக் காணோம். அக்கா "ஏங்க" என்று ஒரே ஒரு சொல் சொன்னாள். அந்தக் குரலை இன்றைக்கும் நான் நினைக்க விரும்புவதில்லை. பிறகு அது வந்தது. செவ்வாய்க்கிழமையாவது ஒன்றாவது, இப்போதே அறுத்துவிடலாம் என்றேன். "வேண்டாம்ல. முறை தப்புனா பலிக்காது" என்று அக்கா மறுத்துவிட்டாள். அவளுக்கு அந்த ஒரு நம்பிக்கைதான் மிச்சம்; அதை வீணாக்கப் பயந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தான் நெடுநேரம் தூங்கினார். சாயந்தரம் நானும் அக்காவும் பேச்சியம்மாளும் அவரைச் சுற்றி உட்கார்ந்து காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. லேசான இருமல், அவ்வளவுதான். திங்கட்கிழமை அவரே கடைக்குப் போய் மீன் வாங்கிவந்தார். பரணில் ஏறிச் சாமான் எடுத்தார். சாயந்தரம் விளக்கு வைத்தாகிவிட்டது, அவர் பேச்சியம்மாளின் புருஷனோடு சீட்டாடிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா, வௌவாலு வந்து சேந்ததுமே வேலையக் காட்டிட்டு" என்றாள் பேச்சியம்மாள். அன்றைக்கு முகம் வெளுத்தது அவளுக்கு மறந்துவிட்டது.

எனக்கு எங்கேயோ இடித்தது. பயந்தவனுக்கு ஒரு குணம் உண்டு: நல்லது நடந்தாலும் ஏன் என்று கேட்பான். "யக்கா, மொதத் தடவை ஊருக்கு வந்தப்பம் கறி எந்தச் செவ்வா குடுத்தீங்க?" என்றேன்.

"வந்த செவ்வா கிடைக்கல. மூக்கன் வெறுங்கையோடல்லா வந்தாரு. அடுத்த செவ்வாதான்."

"அதுவரைக்கும் அத்தானுக்கு எப்படி இருந்துச்சு?"

அக்கா யோசித்துச் சொன்னாள்: "நல்லாத்தான் இருந்தாவ. ஆத்துல குளிச்சாவ. கோயில் கொடைக்கு ராத்திரி முழுக்க முழிச்சாவ."

"ரெண்டாந் தடவை?"

அவள் அத்தான் பக்கம் திரும்பினாள். சீட்டை மடக்கிவிட்டு அத்தான் சொன்னார்: "அப்பமும் கறி குடிக்க முந்தியே பைய சரியாயிட்டு மாப்ள. ஊர்க் காத்துன்னு நெனச்சேன்."

"ஊர்க் காத்து இல்ல அத்தான். இங்க தாராவிக் காத்துலதான ரெண்டு நாளா நல்லா இருக்கியோ. இந்த ரெண்டு நாளும் கூண்டு ஒதறல. அந்தப் பொடிதான்."

அத்தான் சிரித்தார், பிறகு கோபப்பட்டார். "பாய் முப்பது வருசமா அதுக்குள்ள நிக்காரு. குருவியால சீக்கு வருமா? நீ ரெண்டு நாளு பம்பாயப் பாத்துட்டு டாக்டராயிட்டியோ?" அந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு வேலை கிடையாது என்பதும் அந்தக் கோபத்தில் இருந்தது.

அக்கா இரண்டு பேரையும் பார்த்தாள். "ஏல, நீ சொல்லுதது சரின்னா, கறி தின்னா ஒண்ணும் நட்டமில்ல. நீ சொல்லுதது தப்பா இருந்து, நான் கறி குடுக்காம விட்டுட்டா?"

அந்தக் கேள்வியை இன்றைக்கும் எனக்குள் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியில் அத்தானே ஒரு வழி சொன்னார். செவ்வாய்க்கிழமை காலையில் புதுச் சரக்கு வருகிறது. அவர் போய்க் கூண்டு உதறுவார். விளக்கு வைக்கும் நேரத்தில்தானே வௌவாலை அறுக்க வேண்டும். இளைப்பு வருவதும் அந்த நேரம்தான். வராவிட்டால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும், கறி கொதிக்கும். "வந்துச்சுன்னா?" என்றேன். "வந்தா நீ சொன்னது நெசம்" என்றார். வந்தால் அவர் உயிர் என்னாகும் என்பதை மூன்று பேரும் பேசவில்லை. போக வேண்டாம் என்று நான் காலைப் பிடித்திருக்க வேண்டும். அக்காவும் பிடிக்கவில்லை. தெரியாமல் இருப்பது அதைவிடப் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை நானும் கூடப் போய் வௌவாலை வாங்கிக்கொண்டேன். புது முனியாக்கள் வந்திறங்கியிருந்தன. போன தடவையைவிடக் கொஞ்சம்தான். அத்தான் உள்ளே தகடு உதறும் சத்தத்தை வாசலில் நின்று கேட்டேன். வெயிலில் பொடி எழுந்தது. கூண்டிலிருந்து எடுக்கும்போது வௌவால் என் கட்டைவிரலைக் கடித்தது. அதன் பக்கத்து நியாயம் எனக்குத் தெரிந்திருந்ததால் திட்டவில்லை.

சாயந்தரம் அக்கா மிளகு சீரகத்தை அரைத்து வைத்தாள். அடுப்பில் சட்டி. வாசற்படிக்கு உள்ளே கூடை, அதன் பக்கத்தில் அரிவாள்மணை. அத்தான் சுவரோரம் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். தெருவிளக்கு எரிந்தது. பேச்சியம்மாள் வீட்டில் சாமி விளக்கு ஏற்றினார்கள். நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டது இதுதான்: என் பேச்சு பொய்யாகட்டும், கறி கொதிக்கட்டும், இந்த மனிதனுக்கு ஒன்றும் வரக்கூடாது.

அத்தான், "சொர்ணம், போர்வைய எடு" என்றார்.

குளிர் அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பிறகு அந்த ஊதல். அக்கா எழுந்து கூடைப் பக்கம் போனாள். அரிவாள்மணையைத்தான் எடுக்கிறாள் என்று நினைத்தேன். அவள் சாக்கை விலக்கி, உள்ளே தொங்கியதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பம் முந்தி அந்த ரெண்டையும் சும்மாதான கொன்னோம்" என்றாள்.

அத்தான் மூச்சுக்கு நடுவில் கையை ஆட்டினார். கொண்டுபோய் விடு என்கிறார் என்று எனக்குப் புரிந்தது. அக்கா அடுப்பிலிருந்த சட்டியை இறக்கி, அந்தச் சூட்டில் துணியை ஒற்றி ஒற்றி அவர் நெஞ்சில் வைத்தாள். அன்றைக்கு மூச்சு அடங்கும் வரை அவள் அழவில்லை. அடங்கிய பிறகு அழுதாள்.

மறுநாள் காசிம் பாயிடம் சொன்னோம். அவர் எங்கள் விளக்கத்தை நம்பவில்லை. ஆனாலும், "கோவண்டியில கூண்டு செய்யுற பட்டறை நம்மளதுதான். அங்க குருவி கிடையாது, கம்பியும் கட்டையுந்தான். இசக்கி அங்கயே இருக்கட்டும்" என்றார். அத்தான் தலையைக் குனிந்து நின்றார். இனி அந்தப் பாட்டின் கடைசி இழுப்பு அவருக்கு இல்லை. உயிர் தப்பியவன் துக்கப்படக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே.

அன்று அந்தி நேரத்தில் அக்காவும் நானும் கூடையோடு மாட்டுங்காவுக்கு நடந்தோம். ஓட்டல்காரர் சொன்ன தோட்டம் நிஜமாகவே இருந்தது. உயர்ந்த மரங்களில் கொத்துக் கொத்தாக வௌவால்கள் தொங்கிக்கொண்டிருந்தன. காக்கைகள் அடங்கும் வரை காத்திருந்து, அடிமரத்தில் கூடையைச் சாய்த்தேன். அது கால் நகத்தாலும் இறக்கை நகத்தாலும் பற்றிப் பற்றி ஏறி, ஒரு கிளையில் தொங்கி, கீழே விழுந்தது. என் நெஞ்சும் கூடவே விழுந்தது. தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் இறக்கை விரிந்து பிடித்துக்கொண்டது. மேலே போனதும் எது எங்களுடையது என்று தெரியவில்லை.

அக்கா மரத்தை அண்ணாந்து பார்த்தாள். "இங்க இம்புட்டு இருக்குன்னு தாராவியில யாருட்டயும் சொல்லிராதல. இளைப்புக்காரங்க நெறையப் பேரு இருக்காங்க" என்றாள்.

நான் ஊருக்குக் கிளம்பிய அன்று தாதர் ஸ்டேஷனுக்குக் காசிம் பாயும் வந்திருந்தார். அத்தான் தெளிவாக இருந்தார். பட்டறைக்குப் போன நாளிலிருந்து இளைப்பு ஒரு தடவைகூட வரவில்லை. அவரும் அக்காவும் தண்ணீர் பிடிக்கப் போன சமயம் பார்த்து, பாய் ஜன்னல் பக்கம் நெருங்கி வந்தார். ஒரு பொட்டலம் அல்வாவை என் மடியில் வைத்தார். பக்கத்தில் வந்த பிறகுதான் கேட்டேன். அவர் நெஞ்சுக்குள் அதே ஊதல். அத்தானுடையதைவிட ஆழத்தில், பழையதாக.

"தம்பி, இசக்கிட்ட சொல்லாதீங்க. எனக்கும் கொஞ்ச நாளா ராத்திரி படுக்க முடியல. எங்க வாப்பாவும் இப்படித்தான் போனாவ. நாங்க அதத் திங்கப்புடாது. நெஞ்சுல தேய்க்க வௌவால் தைலம் காச்சுவாங்களாமே, அடுத்து வரும்போது கொஞ்சம் கொண்டாரீங்களா?"

கடை, குருவி, பொடி என்று இவருக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. முப்பது வருஷத் தொழிலை விடச் சொன்னால் விடப்போவதில்லை. தைலம் கொண்டுவருகிறேன் என்றால் மூக்கன் அய்யனார் மரத்துக்குத்தான் போக வேண்டும். கார்டு கொடியை எடுத்துவிட்டார். நான் சாதாரணமாக வேகமாக யோசிக்கிறவன் இல்லை. பயம்தான் யோசிக்க வைத்தது.

"பாய், தைலத்த ரயில்ல கொண்டாந்தா பலிக்காது. நீங்க எங்க ஊருக்கு வரணும். வந்து முதல் செவ்வாய் தேய்க்கப்புடாது. ரெண்டாவது செவ்வாயும் ஆகாது. மூணாவது செவ்வாய் விளக்கு வைக்கத்தான் தேய்க்கணும். அதுவரைக்கும் ஆத்துல குளிச்சுக்கிட்டு அங்கனயே இருக்கணும். அதுதான் முறை."

"அவ்வளவு நாளா? கடை?"

"முறை தப்புனா பலிக்காது" என்றேன், அக்காவின் குரலில்.

அவர் கொஞ்ச தூரம் வண்டியோடு நடந்து வந்தார். வாரேன் என்றுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. ஊருக்கு வந்த பிறகு, ஒவ்வொரு தடவையும் பம்பாய் வண்டியில் ஆள் வந்திறங்கினால் போய்ப் பார்க்கிறேன். அவர் வந்துவிட்டால், மூன்றாவது செவ்வாய்க்கிழமை வௌவால் தைலம் என்று சொல்லி அவர் நெஞ்சில் தேய்க்க, வீட்டில் ஒரு குப்பி இலுப்பை எண்ணெய் வாங்கி வைத்திருக்கிறேன்.